பழைய பி.எஃப். கணக்குகளை அலுவலகமே தேடித் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை மாவட்டத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் 1986 முதல் 2014 வரை எழுத்தராக வேலை பார்த்தவன் நான். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி எனும் பி.எஃப். என்று நான்கு வேலைகளும் என் மேசையில்தான் நடந்தன. அந்த ஆலை மூடப்பட்டு, இயந்திரங்கள் எடைக்குப் போய், இடமும் கைமாறிவிட்டது. ஆனால் அங்கே ரீலிங், வைண்டிங், கார்டிங் பிரிவுகளில் வேலை பார்த்தவர்கள் இன்றும் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என் வீட்டுக்கு வந்து, "அண்ணா, அப்ப பிடிச்ச பி.எஃப். பணம் என்னாச்சுங்க?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய இடம் என் வீட்டுத் திண்ணை அல்ல என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற மாதம் வந்தவர் 1998-இல் ரீலிங் பிரிவில் சேர்ந்து, 2003-இல் திருமணம் முடிவானதும் நின்றுவிட்ட ஒரு பெண். ஒரு மஞ்சள் பைக்குள் பழைய ஈ.எஸ்.ஐ. அட்டையையும், நான்காக மடித்து வைத்த 2001-ஆம் ஆண்டு பி.எஃப். சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் தாள் கிழிந்து, உறுப்பினர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் போய்விட்டிருந்தன. எண் இல்லாமல் போனதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. சீட்டில் அவர் பெயருக்கு முன்னால் தந்தையின் 'ப.' இருக்கிறது, ஆதார் அட்டையில் பெயருக்குப் பின்னால் கணவரின் 'செ.' இருக்கிறது. பிறந்த தேதியோ இரண்டிலும் வேறு. சேரும்போது, "வயசு பத்தொன்பதுங்க" என்று மட்டும் அவர் சொல்லியிருக்கிறார். படிவத்தின் கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று 1-6-1979 என எழுதிக்கொண்டவன் நான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார்கள் செய்ததைத்தான் நாங்களும் ஆலை வாசலில் செய்தோம். இருபது ஆண்டுகள் கழித்து அந்த ஜூன் முதல் தேதி ஒரு பெண்ணின் பணத்துக்குக் குறுக்கே நிற்கும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேருபவர் முன்பு வேறு இடத்தில் பி.எஃப். உறுப்பினராக இருந்தாரா என்று படிவம் 11 கேட்கும். 'ஆம்' என்று எழுதினால் பழைய எண்ணைக் கேட்டு வாங்கவேண்டும், படிவம் 13-ஐ நிரப்பிப் பழைய கணக்கை மாற்ற வேண்டும், பழைய நிறுவனத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். 'இல்லை' என்று எழுதினால் ஒரே நாளில் புது எண் போட்டுவிடலாம். நாங்கள் பெரும்பாலும் 'இல்லை' என்றே எழுத வைத்தோம்; தொழிலாளியும், பழைய வேலையைச் சொன்னால் ஏதாவது வம்பு வருமோ என்ற பயத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டார். இப்படித்தான் ஓர் ஆளுக்கு மூன்று ஆலைகளில் மூன்று எண்கள், மூன்று கணக்குகள் உண்டாயின. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் வேலை பார்த்தது ஆலையில், பணம் கட்டப்பட்டதோ ஒப்பந்தக்காரரின் நிறுவன எண்ணில். அந்த ஒப்பந்தக்காரரின் பெயர்கூடப் பலருக்கு நினைவில் இல்லை.

2014-இல் உறுப்பினருக்கு ஒரே நிரந்தர எண்ணாக 12 இலக்க யு.ஏ.என். வந்ததும் இந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்கு ஓரளவு தீர்ந்தது உண்மைதான். ஒரே எண் கடைசிவரை கூடவே வருகிறது. ஆதாரும் வங்கிக் கணக்கும் அதோடு இணைந்திருந்தால், பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்கும் கோரிக்கையை இணையத்திலேயே கொடுத்துவிடலாம். பழைய முதலாளி வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கடைசியாகப் பணம் கட்டப்பட்டு இரண்டு மாதங்கள் ஆன பிறகு உறுப்பினரே அதைப் பதிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் அந்த எண் வருவதற்கு முன்பே வேலையை விட்டவர்களுக்கு யு.ஏ.என். கிடையாது. அவர்களுடைய கணக்கு, மாநிலத்தையும் அலுவலகத்தையும் குறிக்கும் சில எழுத்துகள், நிறுவனத்தின் எண், உறுப்பினரின் எண் என்று அந்தக் காலத்துப் பாணியிலேயே கிடக்கிறது. கைபேசியில் பாஸ்புக் பார்க்கலாம் என்ற விளம்பரம் அவர்களுக்கானது அல்ல.

இப்படி உரியவர் வராமல் கிடக்கும் தொகை சிறியதல்ல. 2023-24 நிதியாண்டில் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட இயங்காக் கணக்குகளில் 8,500 கோடி ரூபாய்க்கு மேல் இருப்பதாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. வேலையை விட்டு மூன்று ஆண்டுகள் ஆனாலே கணக்கு செத்துவிடும், வட்டி வராது என்று இன்றும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். 2011 ஏப்ரல் முதல் அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. 2016 நவம்பரில் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது 55 வயதுக்குப் பின் ஓய்வு பெற்றோ, நிரந்தரமாக வெளிநாடு சென்றோ, உறுப்பினர் இறந்தோ 36 மாதங்கள் வரை யாரும் கேட்காமல் இருந்தால்தான் அது இயங்காக் கணக்கு. நாற்பது வயதில் வேலையை விட்டவரின் பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். 2023-24-க்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். ஆகவே அரசு சொன்ன 21 லட்சம் என்பது இந்த வரையறைக்குள் வந்த கணக்குகள் மட்டுமே. மஞ்சள் பையோடு வந்த அந்தப் பெண்ணின் கணக்கு அந்தக் கணக்கெடுப்பிலும் இருக்காது. தொலைந்துபோன பட்டியலில்கூட இடம் பெறாமல் தொலைந்துபோனது அது.

இயங்காக் கணக்கான பின்னும் ஏழு ஆண்டுகள் யாரும் கோராவிட்டால், அந்தத் தொகை முதியோர் நல நிதிக்குப் போக 2016-ஆம் ஆண்டு விதிகள் வழி செய்கின்றன. அதற்குப் பிறகும் 25 ஆண்டுகள் வரை உரியவர் கேட்டுப் பெறலாம். அதுவும் கடந்தால் பணம் அரசுக்குச் சேரும். முதியோர் நலனுக்குத்தானே போகிறது என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் பணத்துக்குச் சொந்தக்காரரே ஒரு முதியவராக இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஓய்வூதியத்தில் நடக்கிறது. இதைத்தான் பலரும் அறியாமல் இருக்கிறார்கள். முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், சம்பள உச்சவரம்புக்கு உட்பட்டு, 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மீதி 3.67 சதவீதமும் தொழிலாளியின் 12 சதவீதமும்தான் வைப்பு நிதியில் சேர்கின்றன. ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள பின்னத்தை ஓர் ஆண்டாக எடுத்துக்கொள்வதால் ஒன்பதரை ஆண்டு இருந்தாலும் போதும். எங்கள் ஆலையில் ஆறு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்த ஒருவர், பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். இரண்டும் வேறு வேறு எண்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டுக்கும் ஓய்வூதியம் இல்லை. சேர்த்தால் 11 ஆண்டுகள். 58 வயது முதல் உயிருள்ளவரை மாதாமாதம் பணம், அவருக்குப் பின் மனைவிக்கும் உண்டு.

அவர் விஷயத்தில் ஒரு நல்வாய்ப்பு அமைந்தது. எங்கள் ஆலையை விட்டு நின்றபோது படிவம் 19 கொடுத்து பி.எஃப். பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். ஓய்வூதியப் பங்கை எடுக்கும் படிவம் 10சி-ஐ அவசரத்தில் கொடுக்காமல் விட்டுவிட்டார். அதைக் கொடுத்திருந்தால் அன்றைக்குச் சில ஆயிரம் ரூபாய் கிடைத்திருக்கும். அந்த ஆறு ஆண்டுப் பணிக்காலமும் அதோடு அழிந்திருக்கும். மறந்துபோனதால் அது உயிரோடு இருந்தது. பதினோரு மாதம் அலைந்து இரண்டையும் சேர்த்தார். இப்போது மாதம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வருகிறது. குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாய் 2014-இல் நிர்ணயித்தது, அது போதுமா என்பது தனி வழக்கு. இருந்தாலும் மாத்திரைச் செலவுக்கு மகனிடம் கை நீட்டாமல் இருக்க அது உதவுகிறது என்று அவரே சொன்னார். பத்து ஆண்டு நிறையாதவர்கள் வேலையை விடும்போது பணத்தை எடுக்காமல் அதே படிவம் 10சி மூலம், பணிக்காலத்தைக் காத்து வைக்கும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதை எத்தனை டைம் ஆபீஸ்கள் எடுத்துச் சொல்லியிருக்கும்? நான் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கணக்கைச் சேர்த்த பின் சிலர் பதறிக்கொண்டு ஓடி வருவதும் உண்டு. புதிய பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தியில் பழைய தொகை வரவில்லை, பூஜ்யம் காட்டுகிறது, பணத்தை விழுங்கிவிட்டார்கள் என்பார்கள். வைப்பு நிதியில் மாறுவது பணம். ஓய்வூதியத்தில் மாறுவது பணிக்காலம். ஆகவே அந்தப் பத்தியில் பூஜ்யம் இருப்பது பிழை அல்ல. பழைய பணிக்காலம் புதிய கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

எண்ணே தெரியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். இத்தனை பேருக்குத் தேடிக் கொடுத்ததில் நான் கற்றுக்கொண்ட வழி எளிமையானது. கூட வேலை பார்த்தவர் ஒருவரின் பழைய சீட்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் ஒரே நிறுவனத்து ஆட்களுக்கு எண்ணின் முற்பகுதி ஒன்றுதான், கடைசிப் பகுதிதான் ஆளுக்கு ஆள் மாறும். அதுவும் கிடைக்காவிட்டால் வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனங்களைப் பெயர் கொண்டு தேடும் வசதி இருக்கிறது. ஆனால் ஊரில் வழங்கிய பெயர் ஒன்று, பதிவில் உள்ள பெயர் ஒன்றாக இருக்கும். 'பெரிய மில்' என்று இருபது ஆண்டு சொல்லிப் பழகியவருக்கு அதன் பதிவுப் பெயர் தெரியாது. ஆலை கைமாறியிருந்தால் பெயரும் மாறியிருக்கும். பழைய சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், ஈ.எஸ்.ஐ. அட்டை, டோக்கன் நம்பர் எழுதிய அடையாள அட்டை, எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று வீட்டில் உள்ள இளையவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது. பெரியவர் இறந்த பிறகு பீரோவைச் சுத்தம் செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்தக் காகிதங்கள்தான்.

இறந்தவரின் கணக்கைத் தேடும்போது வாரிசு நியமனம் இன்னொரு முட்டுக்கட்டை. திருமணத்துக்கு முன் படிவம் 2-இல் தாயின் பெயரையோ தம்பியின் பெயரையோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். குடும்பம் அமைந்த பிறகு அந்த நியமனம் செல்லாது. புதிதாக எழுதித் தர வேண்டும். எங்கள் ஆலையில் திருமணமாகி வந்தவர்களிடம் புதுப் படிவம் வாங்கும் வழக்கமே இருந்ததில்லை.

இவ்வளவையும் தாண்டி எண்ணைக் கண்டுபிடித்து வைப்பு நிதி அலுவலகத்துக்குக் கொண்டு போனால், "உங்க கம்பெனியில கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது வீட்டு மனைகள் விற்கிறார்கள். மூடப்பட்ட நிறுவனமாக இருந்தால் ஆதார், வங்கிக் கணக்கு முதலிய அடையாள ஆவணங்களை வைத்து வங்கி அதிகாரியே சான்றளிக்கலாம் என்று ஏற்பாடு இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு வங்கிக்குப் போனால், அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று மேலாளர் கை விரிக்கிறார். விதியில் இடம் இருக்கிறது. எந்த மேசையிலும் அதற்கு இடம் இல்லை. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். கிடைக்கும் தொகையில் நூற்றுக்கு இருபது, முப்பது என்று பேசி, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.-யையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். வைப்பு நிதிக் கோரிக்கை எதற்கும் கட்டணம் கிடையாது.

நான் இந்தக் கடிதத்தின் மூலம் கேட்பது இதுதான்: தொழிலாளி அலுவலகத்தைத் தேடி அலைவதை நிறுத்தி, அலுவலகம் தொழிலாளியைத் தேட வேண்டும். அது முடியாத காரியம் அல்ல என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் தேடுவதற்கு வேண்டிய காகிதங்களை ஆண்டுதோறும் கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்பியவனே நான். ஒவ்வொருவரும் மாதம் எவ்வளவு சம்பளம் வாங்கினார், எவ்வளவு பிடித்தம் என்று சொல்லும் படிவம் 3ஏ, மொத்த ஆலைக்கும் சேர்த்த படிவம் 6ஏ, சேர்ந்தவர்களுக்குப் படிவம் 5, நின்றவர்களுக்குப் படிவம் 10. தந்தை பெயரோ கணவர் பெயரோ, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நின்ற தேதி எல்லாம் இந்தக் காகிதங்களில் இருக்கின்றன. பணம் கட்டியதற்கு ஆதாரம் எங்கள் ஆலையோடு போய்விடவில்லை. அது அலுவலகத்தின் ஆவண அறையில் இருக்கிறது. அப்படியிருக்க, மூடிய ஆலையிடம் போய்ச் சான்று வாங்கி வரச் சொல்வதில் என்ன நியாயம்?

வங்கிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகளைப் பல வங்கிகளிலும் ஒரே இடத்தில் தேடுவதற்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற தளத்தைத் தொடங்கியது. பெயரையும், பிறந்த தேதி, பான் எண் போன்ற ஏதாவது ஓர் அடையாளத்தையும் கொடுத்தால் எந்த வங்கியில் பணம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் கோரப்படாத பாலிசித் தொகையைத் தேடும் வசதியைத் தங்கள் தளங்களில் வைத்திருக்கின்றன. பங்கு வைத்திருப்பவர் வாங்காமல் விட்ட ஈவுத்தொகைக்குக்கூடப் பட்டியல் போடுகிறார்கள். கூலித் தொழிலாளியின் சம்பளத்தில் கேட்காமலே பிடித்த பணத்துக்கும் அதே மரியாதை வேண்டாமா? 2014-க்கு முந்தைய கணக்குகள் அனைத்தையும் நிறுவனம் வாரியாகப் பெயர், தந்தை பெயர், சேர்ந்த ஆண்டு, நின்ற ஆண்டு என்ற விவரங்களோடு, இருப்புத் தொகையைக் காட்டாமல், தேடக்கூடிய வகையில் வெளியிட வேண்டும். பட்டியல் தமிழ் எழுத்திலும் இருக்க வேண்டும். ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுகிறோம். நானே ஒரே பெண்ணின் பெயரை ஒரு படிவத்தில் ஒரு மாதிரியும் மறு படிவத்தில் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறேன்.

இனிஷியல் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கம் தில்லியில் எழுதும் கணினி நிரல்களுக்குப் புரிவதில்லை. 'ப.' என்பது பெயருக்கு முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும், விரித்து எழுதியிருந்தாலும், திருமணத்துக்குப் பின் வேறு எழுத்தானாலும் ஆள் ஒருவர்தான். தமிழ்நாட்டு அலுவலகங்களில் பெயர் ஒப்பிடும்போது இனிஷியலை ஒதுக்கிவிட்டு, பெயர், தந்தை பெயர், வேலை பார்த்த காலம் ஆகிய மூன்றும் பொருந்தினால் ஏற்கலாம் என்று தெளிவாக ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். பிறந்த தேதி பொருந்தாவிட்டால் ஆதாரில் உள்ளதையே எடுத்துக்கொள்ளலாம். ஆலை எழுத்தரின் ஊகத்தைவிட அது மேல்.

ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் வைப்பு நிதி நிறுவனம் குறைதீர் முகாம் நடத்துகிறது. நல்ல ஏற்பாடு. அந்த முகாமை ஆண்டுக்குச் சில முறையாவது, மூடிப்போன ஆலைகளைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில், அந்த ஆலையின் பழைய படிவங்களைக் கையோடு கொண்டு வந்து நடத்தினால், ஆட்கள் தாங்களாகவே வந்து தங்கள் பெயரைக் காட்டுவார்கள். மாலை ஷிப்ட் முடிந்து வருபவர்களும் வரும்படி நேரத்தை ஆறு மணிக்கு மேலும் நீட்டினால் நல்லது.

மஞ்சள் பைக்காரப் பெண்ணின் கோரிக்கை மனு இரண்டு முறை திரும்பி வந்து மூன்றாம் முறையாகப் போயிருக்கிறது. அவர் எண்ணின் கிழிந்துபோன கடைசி இரண்டு இலக்கங்களை என் பழைய நோட்டிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். ஓய்வு பெறும்போது வீட்டுக்கு எடுத்து வந்த 200 பக்க நோட்டு அது. ஒரு பக்கம் டோக்கன் நம்பர், எதிரே பி.எஃப். நம்பர் என்று ஆலையில் இருந்தவர்களுக்கெல்லாம் என் கைப்பட எழுதி வைத்தது. ஓரங்களைக் கரையான் தின்றிருந்தாலும் எண்கள் படிக்கும்படி இருக்கின்றன. வைப்பு நிதி அலுவலகம் விரும்பினால் அதை ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். எந்த மேசையில் கொடுப்பது என்று மட்டும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலை எழுத்தர்,
கோவை மாவட்டம்